எஸ்டிஐ-யில் ஆயில் வாடை: திறந்த கேன், மூடிய கேன், சூடான செபரேட்டர்

சுபாரு எஸ்டிஐ என்ற டர்போ காரைக் கொஞ்சம் விரட்டி ஓட்டிவிட்டு சிக்னலில் நிறுத்தினால் ஏசி வென்ட் வழியாக ஒரு நெடி வரும்: சூடான ஆயில், அதோடு பச்சைப் பெட்ரோல். எஞ்சின் வாயுவோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பாவான கேட்ச் கேன் போட்ட பல கார்களில் இது குறைவதற்குப் பதில் கூடியே இருக்கும். 2.5 லிட்டர் ஈஜே257 எஞ்சின் உள்ள ஒரே காரில் திறந்த கேன், மூடிய கேன், கூலன்டால் சூடாகும் செபரேட்டர் (ஆயிலைப் பிரித்து எஞ்சினுக்கே திருப்பும் டப்பா) என மூன்றும் தலா ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஓடியதில் தெரிந்தவை இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டப்பா எதுவும் வாடையை ஒழிக்கவில்லை. ஒழித்தது சரியான ஹோஸும் டர்போவின் இழுப்பும்தான். டப்பாவின் வேலை ஆயிலைப் பிடிப்பதோடு சரி.

எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அதுதான் பிளோ-பை. புத்தம் புது எஞ்சினிலும் உண்டு. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏற ஏறக் கூடும். எரியாத பெட்ரோல், நீராவி, ஆயில் பனி எல்லாம் அதில் கலந்திருக்கும். கம்பெனி அமைப்பில் இது வெளியேற இரண்டு வழி. ஐடிலிலும் நிதான ஓட்டத்திலும் இன்டேக் மேனிஃபோல்டின் வேக்குவம் பிசிவி என்ற ஒருவழி வால்வு வழியாக இழுத்துக்கொள்ளும். பூஸ்ட் வந்ததும் பிசிவி மூடிக்கொள்ள, பிளாக்கின் பிரீதரும் (வாயு வெளியேறும் குழாய்) இரண்டு ஹெட் கவர் பிரீதர்களும் டர்போவுக்கு முந்தைய இன்டேக் ஹோஸில் போய்ச் சேரும். பாக்ஸர் எஞ்சின் என்பதால் ஹெட் இரண்டும் படுத்துக் கிடக்கின்றன. நீண்ட வலது வளைவில் ஆயில் இடது ஹெட்டில் தேங்கி, பிரீதரில் பனியாக இல்லாமல் திரவமாகவே வரும். மலேசியாவின் செபாங் பந்தய ஓடுதளத்தில் 15 வளைவுகளில் 10 வலது வளைவு. அங்கே ஓடும் காரில் முதலில் நனைவது இடது ஹோஸ்தான்.

திறந்த கேன் என்பது மூன்று பிரீதரையும் ஒரு டப்பாவில் விட்டு, மேலே சின்ன ஃபில்டர் வைத்து வெளியே விடுவது. இன்டேக்குக்கு ஆயில் போகாது, அந்த வகையில் நல்லது. ஆனால் அந்த ஃபில்டர் பனியைப் பிடிக்காது. சில மாதத்தில் ஊறிப்போய்ச் சொட்ட ஆரம்பிக்கும். பானெட்டுக்கு அடியில் பரவும் புகை விண்ட்ஷீல்டு அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக நேரே கேபினுக்குள் வரும். ஏசியை ரீசர்க்குலேஷனில் போட்டால் வாடை தெரியாது. அதைத் தீர்வு என்று நினைக்கக் கூடாது. யூரோ, பாரத் ஸ்டேஜ் புகை விதிகள் இரண்டிலுமே கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விட அனுமதி இல்லை. இந்த அமைப்பு பந்தய ஓடுதளத்துக்கு மட்டும். அங்கேயும் அளவு முக்கியம்: உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் அப்பெண்டிக்ஸ் ஜே விதித் தொகுப்பு, திறந்த பிரீதர் உள்ள கார்களுக்கு 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கேன் கேட்கிறது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரிய வேண்டும். கடையில் அழகாகப் பளபளக்கும் அரை லிட்டர் டப்பாக்கள் இந்தக் கணக்கில் வரவே வராது.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. பிரீதர்களைத் திறந்துவிட்டு, பிசிவியை மட்டும் மேனிஃபோல்டில் அப்படியே விடுவார்கள். ஐடிலில் மேனிஃபோல்டு அந்தத் திறந்த ஃபில்டர் வழியாகவே காற்றை இழுக்கும். அது உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃபுளோ சென்சாரைத் தாண்டி வராத, கணக்கில் இல்லாத காற்று. லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (கணினி பெட்ரோல் அளவில் செய்யும் நீண்டகாலத் திருத்தம்) பிளஸ் பக்கம் ஏறும், ஐடில் ஆடும். ட்யூனரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்கவும்.

அடுத்து ஹோஸ். பாதி வாடை இங்கேதான் ஒளிந்திருந்தது. நீலம், சிவப்பு என்று வரும் சாதாரண சிலிக்கோன் ஹோஸ் கூலன்டுக்கும் பூஸ்டுக்கும் நல்லது. ஆயில் பனிக்கு ஆகாது. சில மாதம் கழித்து வெளிப்புறத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணி மஞ்சளாகும். ஓட்டை எதுவும் இருக்காது, கிளாம்ப் இறுக்கமாகவே இருக்கும்; சுவரே வியர்க்கிறது. உள்ளே ஃபுளோரோசிலிக்கோன் பூச்சு உள்ளது வேண்டும், இல்லையென்றால் எஃப்கேஎம் ரப்பர். நைட்ரைல் ஹோஸும் போதும், டர்போவுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதவரை. ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போடவே கூடாது. அது ஈபிடிஎம் ரப்பர், ஆயில் பட்டால் ஊதி, உள்வழி சுருங்கி, கடைசியில் கிளாம்ப் அருகே கூழாகும்.

விட்டமும் அப்படியே. ஏஎன்-10 என்ற அளவு ஃபிட்டிங் ஹோஸின் உள்விட்டம் சுமார் 14 மி.மீ., பரப்பு 154 சதுர மி.மீ. 19 மி.மீ. ஹோஸ் என்றால் 283. நிமிடத்துக்கு 100 லிட்டர் பிளோ-பை என்று வைத்துக்கொண்டால் சின்னதில் வாயு வினாடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர் வேகத்தில் ஓடும், பெரியதில் 6 மீட்டர். வேகம் கூடினால் சுவரில் ஒட்டிய ஆயிலையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஹெட் ஒன்றுக்கு 14, பிளாக்குக்கு 19 என்பதே குறைந்தபட்சம். ஹோஸ் எஞ்சினிலிருந்து கேன் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைவுக் குழாய் மாதிரி அங்கே ஆயில் தேங்கி வழியை அடைக்கும். வாயு குமிழிவிட்டுக்கொண்டு அதைக் கேனுக்குள் துப்பும்.

மூடிய கேனில் வெளியேறும் வழி மறுபடி டர்போ இன்டேக் ஹோஸுக்கே போகிறது. பூஸ்டில் அங்கே லேசான வேக்குவம் இருப்பதால் கிராங்க்கேஸ் வாயு இழுக்கப்படும், வெளியே எதுவும் கசியாது. ஹோஸையும் மாற்றி இதற்கு வந்த நாளோடு கேபின் வாடை நின்றது. ஆனால் இப்போது கேன் பிடிக்காத ஆயில் எல்லாம் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும், ஆகவே உள்ளமைப்பு முக்கியமாகிறது. வெறும் காலி டப்பா பெரிய துளிகளை மட்டும் நிறுத்தும். ஒரு மைக்ரானுக்குக் குறைந்த பனி காற்றோடு சேர்ந்து வளைந்து வெளியே போய்விடும். உள்ளே தடுப்புத் தகடும், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாவதற்கு மெஷ்ஷும் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இரும்பு நார் துருப்பிடித்து இழை இழையாக உதிரும், அதன் அடுத்த நிறுத்தம் டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம். பின்னப்பட்ட ஸ்டெயின்லெஸ் மெஷ், இரண்டு துளைத்தகடுகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தது, அதுதான் சரி.

கேன் வேலை செய்கிறதா என்பதற்கு உள்ளே தேங்கியதை அளப்பது போதாது. தாண்டிப் போனதைப் பார்க்க வேண்டும். கேனுக்குப் பிறகு வரும் ஹோஸைக் கழற்றி, குச்சியில் சுற்றிய வெள்ளைத் துணியை உள்ளே விட்டுச் சுழற்றினால் பதில் கிடைத்துவிடும். அதற்கு முன் இன்டர்கூலரைக் கழற்றி டிகிரீசர் விட்டுக் குலுக்கி, கவிழ்த்து வடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடவும். பழைய ஆயில் உள்ளே இருந்தால் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். புதுக் கேனுக்குத்தான் கெட்ட பெயர். ஆயில் பனி பெட்ரோலின் ஆக்டேனைக் குறைத்து 'நாக்' எனும் தாறுமாறான வெடிப்பைத் தூண்டும் என்பதால், அதற்குக் கணினி செய்யும் திருத்தமான ஃபீட்பேக் நாக் கரெக்‌ஷனையும் பதிவு செய்து வைக்கலாம். ஒரே பங்க் பெட்ரோல், ஒரே கியர், ஒத்த இன்டேக் வெப்பநிலை என்று இருந்தால்தான் ஒப்பீடு செல்லும்.

செபரேட்டரில் கூலன்ட் ஓடுவதால் டப்பா சூடாகவே இருக்கும். நீராவி குளிர்ந்து தண்ணீராகாமல் ஆவியாகவே இன்டேக்குக்குப் போய்விடும். பிரிந்த ஆயில் எஞ்சினுக்கே திரும்பும். வடிக்கும் வேலை இல்லை, தினமும் ஓட்டும் காருக்கு மூன்றில் இதுதான் பொருத்தம். ஆனால் பல வடிவமைப்புகளில் ஆயில் இறங்குவதும் வாயு ஏறுவதும் பிளாக் பிரீதரின் ஒரே ஹோஸில்தான். ரிங் தேய்ந்த எஞ்சினிலோ, பூஸ்ட்டை ரொம்ப ஏற்றிய எஞ்சினிலோ ஏறும் வாயு இறங்கும் ஆயிலை வழிமறிக்கும். டப்பா நிரம்பி மொத்தமாக இன்டேக்கில் கொட்டும், பின்னால் நீலப் புகை. வடிகாலுக்குத் தனி ஹோஸ் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சில கிட்களில் பிசிவியை எடுத்துவிட்டு மேனிஃபோல்டு துவாரத்தை அடைக்கச் சொல்கிறார்கள். தெருவில் ஓடும் காரில் அதைச் செய்ய வேண்டாம். ஐடிலில் கிராங்க்கேஸைக் காற்றோட்டமாக வைப்பதே பிசிவிதான். அது போனால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும்.

எந்த டப்பாவை வாங்குவதற்கும் முன்னால் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளக்கவும். பழைய ஆயில் ஃபில்லர் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் பொருத்தி, கலர் தண்ணீர் விட்ட யு வடிவ டியூபை மாட்டினால் போதும். டிப்ஸ்டிக் குழாயில் மாட்ட வேண்டாம். அதன் முனை ஆயிலில் மூழ்கியிருந்தால் அளவு பொய். ஐடிலில் தண்ணீர் எஞ்சின் பக்கம் ஏற வேண்டும். பூஸ்டில் பார்க்க, அதே நிப்பிளில் ஒரு பிரஷர் சென்சாரை மாட்டிப் பதிவு செய்ய வேண்டும். 1 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 102 மி.மீ. தண்ணீர், முழு பூஸ்டில் அதில் பாதியைத் தாண்டி பாசிட்டிவ் போனால் ஹோஸ் சிறியது, அல்லது எங்கோ அடைப்பு, அல்லது ரிங். சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவை அளக்கும் லீக்-டவுன் டெஸ்டில் 20 சதவீதத்துக்கு மேல் இழப்பு, ஃபில்லர் கழுத்தில் காது வைத்தால் உஸ்ஸென்று சத்தம் என்றால் கேனில் காசு போடாதீர்கள். ஈஜே257-இல் பிஸ்டனின் ரிங்லேண்ட் (ரிங்குகளுக்கு இடையே உள்ள மேடு) உடைவது தெரிந்த வியாதி; திடீரென்று கேன் நிரம்ப ஆரம்பிப்பதுதான் பல நேரம் அதன் முதல் அறிகுறி.

வாடை கருகலாக இருந்தால் அது பிரீதர் அல்ல. ஹெட் கவர் கேஸ்கெட்டோ பிளக் டியூப் சீலோ கசிந்து எக்ஸாஸ்டில் சொட்டுகிறது என்று அர்த்தம். ஆயில் மாற்றிய மறுநாள் மட்டும் வந்தால் ஃபில்டர் கழற்றும்போது எக்ஸாஸ்ட் குழாயான ஹெடரில் சிந்தியது, தானே எரிந்து போகும்.

ஆயிலையும் பார்க்கவும். டேட்டா ஷீட்டில் நோவாக் என்று ஓர் எண் இருக்கும்: 250 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது. ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்களின் ஏசிஇஏ சி3 ஆயில் தரம் 13 வரை விடுகிறது. 10-க்குக் கீழே உள்ளதை எடுத்தால் கேனில் வித்தியாசம் தெரியும். டிப்ஸ்டிக்கில் ஃபுல் கோட்டைத் தாண்ட வேண்டாம். பந்தய ஓடுதளத்தில் ஆயில் பஞ்சம் வராமலிருக்க அரை லிட்டர் கூட ஊற்றுவார்கள், அன்று மட்டும் பிரீதர் நனைவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு ஊரைப் பொறுத்தது. கோலாலம்பூர் வெயிலில் மூடிய கேனில் வருவது பெரும்பாலும் கறுப்பு ஆயில். ஆயில் மாற்றும் இடைவெளியில் இரண்டு முறை வடித்தால் போதும். டொராண்டோவில் ஜனவரியில் அதே கேனில் காப்பிப் பால் நிறத்தில் கூழ் வரும், முக்கால்வாசி தண்ணீர். கடைக்குப் போய்வரும் பத்து நிமிட ஓட்டம்தான் என்றால் இன்னும் மோசம். மைனஸ் 20-இல் அது கேனுக்குள்ளேயே உறைந்து வழியை அடைக்கும். வெளியேற முடியாத அழுத்தம் டிப்ஸ்டிக்கை மேலே தள்ளும், இல்லையென்றால் கிராங்கின் பின் சீலைப் பிதுக்கும். அங்கே சூடாகாத கேன் வைத்திருப்பவர்கள் நவம்பரிலேயே அதைக் கழற்றிவிட்டு கம்பெனி ஹோஸை மாட்டி, ஏப்ரலில் திரும்பப் போடலாம். கிளாம்ப் ஆறு, வேலை அரை மணி நேரம்.