ராத்திரி 11 மணிக்கு டியூப் ஆம்ப், ஹெட்ஃபோன்ல: டூ நோட்ஸ் கேப்டர் எக்ஸ், 8 மாசத்துக்கு அப்புறம்

என்கிட்ட இருக்குறது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர்னு ஒரு கிட்டார் டியூப் ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடி டியூப் வச்சு சத்தத்த பெருசாக்குற பெட்டி. 15 வாட், ரெண்டு ஈஎல்84 பவர் டியூப் (ஸ்பீக்கர ஓட்டுறது), மூணு 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் டியூப் (கிட்டார்லேர்ந்து வர்ற சின்ன சிக்னல மொதல்ல ஏத்துறது), ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். கடையில கேட்டா சின்ன ஆம்ப்னுதான் சொல்வாங்க, சின்னதுதான், ஒரு கையில தூக்கிட்டு மாடிப்படி ஏறிடலாம். ஆனா ப்ரீஆம்ப ஏத்துற வால்யூம் நாபையும், மொத்த சத்தத்த ஏத்துற மாஸ்டர் நாபையும் பாதிக்கு மேல திருப்புனா சென்னையில எங்க அபார்ட்மென்ட்ல மேல ஒரு ஃப்ளோர் கீழ ஒரு ஃப்ளோர் எல்லாம் கேக்கும். ஆபீஸ் முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, பொண்ண தூங்க வச்சுட்டு கிட்டார கையில எடுக்க மணி பத்தரை ஆயிடும், அந்த நேரத்துல அந்த ஆம்ப ஆன் பண்றதே பாவம். ரெண்டு வருஷம் அது ஹால் மூலையில துணி போட்டு மூடித்தான் கெடந்துச்சு, அத ஹெட்ஃபோன்ல வாசிக்க வைக்கிற டூ நோட்ஸ் கேப்டர் எக்ஸ்ங்கிற பெட்டிய வாங்குற வரைக்கும்.

15 வாட்டுக்கு பதிலா 1 வாட் ஆம்ப் வாங்கிக்கோன்னு நெறைய பேர் சொன்னாங்க. காது வாட் கணக்குல கேக்காதுங்க. பவர பாதியா கொறச்சா வெறும் 3 டெசிபல்தான் கொறையும், சத்தம் பாதியான மாதிரி காதுக்குத் தெரியணும்னா பவர் பத்துல ஒரு பங்கா வரணும். நல்ல 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கருக்கு 1 வாட் குடுத்தாலே 1 மீட்டர் தள்ளி உக்காந்தா 100 டெசிபல் கிட்ட வரும். ராத்திரிக்கு அதுவே ரொம்ப ஜாஸ்தி. மாஸ்டர கொறச்சு வச்சுட்டு வால்யூம ஏத்தி வாசிக்கலாம்தான், ஆனா அப்ப உறுமுறது ப்ரீஆம்ப் மட்டும், பவர் டியூப் சும்மா உக்காந்திருக்கும். நான் இந்த ஆம்ப வாங்குனதே அந்த ஈஎல்84 ரெண்டும் திணற ஆரம்பிக்கும்போது வர்ற சத்தத்துக்காக. லேசா தொட்டா தெளிவா இருக்கும், அழுத்தி அடிச்சா ஓரத்துல கரகரன்னு பிரியும், அந்த இடம்தான் வேணும்.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா நானே இதுல ஒரு ஆம்ப இழந்திருக்கேன். இதுக்கு முன்னாடி வேற ஒரு 5 வாட் டியூப் ஆம்ப் வச்சிருந்தேன், செகண்ட் ஹேண்ட். ஸ்பீக்கர் ஜாக்க உருவிட்டா சத்தம் வராதுல்ல, லைன் அவுட்ல (வேற கருவிக்கு சிக்னல் குடுக்குற ஜாக்) ஹெட்ஃபோன மாட்டி வாசிச்சுக்கலாம்னு நெனச்சு உருவிட்டேன். இருபது நிமிஷம் வாசிச்சிருப்பேன், ஒரு சின்ன டப் சத்தம், கருகுன வாசம், அவ்வளவுதான். ரிப்பேர் பண்ற அண்ணன் தொறந்து பாத்துட்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு தம்பின்னாரு, பவர் டியூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்குறது அது. டியூப் ஆம்புக்கு அந்தப் பக்கம் எப்பவும் ஒரு சுமை இருக்கணும், ஸ்பீக்கரோ அதுக்கு சமமான வேற எதுவோ. சுமையே இல்லாம வாசிச்சா டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன ஓட்ட போட்டுடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ல ஸ்பீக்கர் இல்லாம இருந்தா பொதுவா ஒண்ணும் ஆகாது, அந்தப் பழக்கத்துல டியூப்ல கைய வைக்காதீங்க. ஸ்பீக்கர் அவுட்டுல நேரா ஹெட்ஃபோன சொருகுறதெல்லாம் நெனச்சே பாக்கக்கூடாது, ஹெட்ஃபோனும் போயிடும் காதும் போயிடும்.

அந்த சுமைக்குப் பேருதான் லோட் பாக்ஸ். டூ நோட்ஸ் ஒரு பிரான்ஸ் கம்பெனி, அவங்களோட கேப்டர் எக்ஸ் உள்ளங்கைய விட பெருசா ஒரு மெட்டல் பெட்டி. 100 வாட் வரைக்கும் தாங்கும், அதனால என்னோட 15 வாட் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஆம்போட ஸ்பீக்கர் வயர உருவி, அந்த இடத்துலேர்ந்து ஒரு ஸ்பீக்கர் கேபிள பெட்டிக்கு குடுத்து, ஹெட்ஃபோன பெட்டியில மாட்டணும். கிட்டார் கேபிள் அங்க கூடாது, உள்ள கம்பி மெலிசு, அந்த கரண்டுக்கு அது ஆகாது, பாக்க ரெண்டும் ஒரே மாதிரி ஜாக்குங்கிறதால நெறைய பேர் மாத்தி சொருகிடுறாங்க. பெட்டி 8 ஓம், 16 ஓம்னு தனித்தனியா வருது, ப்ளூஸ் ஜூனியருக்கு 8 ஓம்.

முன்னாடி ஒரு நண்பரோட சாதா லோட் பாக்ஸ் வாங்கி பாத்திருந்தேன், உள்ள வெறும் ரெசிஸ்டர். ஆம்ப் பத்திரமா இருந்துச்சு, வாசிக்கிறப்ப கட்டை மாதிரி இருந்துச்சு. காரணம் என்னன்னா ஸ்பீக்கர்ல 8 ஓம்னு எழுதியிருந்தாலும் அது எப்பவும் 8 ஓம் கெடயாது, கீழ 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு மாதிரி ஏறும், மேல போகப் போக சுருளோட குணத்தால மறுபடி ஏறும். டியூப் ஆம்ப் அந்த ஏத்த இறக்கத்துக்கு தக்கபடிதான் பதில் சொல்லும். கேப்டர் எக்ஸ் ரியாக்டிவ் லோட், அதாவது அந்த மேடு பள்ளத்த உள்ள காயில் கெப்பாசிட்டர் வச்சு செஞ்சு காட்டுது. கீழ் கம்பிய உள்ளங்கையால அமுக்கி அடிக்கும்போது அந்த தும்முனு வர்ற உதை இருக்குல்ல, அது இதுல திரும்பி வந்துச்சு. மொத நாள் ராத்திரி அந்த ஒரு அடிக்கே எனக்கு கொடுத்த காசு போதும்னு தோணுச்சு.

ஆனா லோட் மட்டும் இருந்தா பத்தாது. கிட்டார் ஸ்பீக்கர் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது, நம்ம காது பழகுன கிட்டார் சத்தமே அந்த வடிகட்டுனதுதான். அது இல்லாம கேட்டீங்கன்னா டப்பாக்குள்ள வண்டு மாட்டுன மாதிரி ஸ்ஸ்ஸுன்னு இருக்கும். அதுக்குத்தான் ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்), ஒரு நெஜ கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, முன்னாடி மைக் வச்சு எடுத்த அதோட சத்தத்தோட அச்சு. பெட்டியில ஆறு ப்ரீசெட் (சேமிச்சு வச்ச செட்டிங்) இருக்கு, ஃபோன் ஆப்ல ப்ளூடூத்ல கனெக்ட் பண்ணி கேபினெட்ட மாத்தலாம், மைக்க நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நகத்தலாம், தள்ளி வைக்கலாம். நான் ஒரு வாரம் இதுலயே உக்காந்து வெளையாடிட்டு கடைசியில ஒரு 12 இன்ச் ஓபன் பேக் (பின்பக்கம் தொறந்த) கேபினெட், மைக் கொஞ்சம் ஓரமா, அதோட நிறுத்திட்டேன், அதுக்கப்புறம் ஆப்ப தொறக்குறதே கம்மி.

என் கணக்குல ஹெட்ஃபோன்ல வாசிக்கிறவங்களுக்கு இந்தப் பெட்டியில முக்கியமான விஷயம் ஸ்பேஸ்னு போட்ட அந்த நாப்தான், அது அறையோட எதிரொலிய சேக்குது. அது சுத்தமா மூடியிருந்தா சத்தம் நெத்திக்கு நடுவுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், பத்து நிமிஷத்துல தலவலி வந்துடும். மெதுவா திருப்பி கால்வாசிக்கு கொஞ்சம் மேல கொண்டு வந்தீங்கன்னா சத்தம் கொஞ்சம் கொஞ்சமா தலைக்கு வெளிய போயி முன்னாடி ஆறடி தள்ளி நிக்குது. அந்த நகர்ற தருணத்த கண்ண மூடிட்டு கேட்டுப் பாருங்க. ஆம்போட சொந்த ஸ்ப்ரிங் ரிவெர்ப் (ஸ்ப்ரிங் வச்சு எதிரொலி சேக்குறது) இதுல வழக்கம் போல வேல செய்யும், அது ஆம்புக்குள்ளயே இருக்குற சமாச்சாரம், ஆனா அது அறைக்கு மாத்து கெடயாது, ரெண்டும் வேணும்.

ஹெட்ஃபோன் நான் யூஸ் பண்றது பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓம், மூடுன வகை. காது மூடியிருக்குறதால நம்ம கிட்டார் கம்பியோட நெஜ சத்தம் உள்ள அவ்வளவா வராது. வீட்டுக்காரிக்கு அதுதான் கேக்குது, "என்னங்க, டொக்கு டொக்குன்னு கம்பி சத்தம் மட்டும் வருது, இதுக்கா இவ்வளவு நேரம் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கீங்க"ன்னா ஒரு நாள், ஹெட்ஃபோன அவ காதுல வச்சுட்டு ஒரு கார்ட் அடிச்சேன், அப்புறம் அதப்பத்தி பேசவேயில்ல. ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம், விரல் ஒரு நேரம் அடிக்கும் சத்தம் வேற நேரம் வரும், வாசிக்கவே முடியாது. வயர் போட்டா எனக்கு தாமதமே தெரியல.

கெடைக்காதது என்னன்னும் சொல்லிடுறேன். ஆம்ப் முன்னாடி நின்னு வாசிக்கும்போது கால்சட்டை ஆடுற அந்த காத்து வராது. ஒரு சுரத்த புடிச்சு நிறுத்துனா ஸ்பீக்கர் சத்தம் கம்பிய திரும்ப அசைச்சு அது பாடிட்டே இருக்கும்ல, அந்த ஃபீட்பேக்கும் வராது, ஏன்னா கம்பிக்கு போற சத்தமே அறையில இல்ல. அதுக்கு எந்த லோட் பாக்ஸும் வழி பண்ண முடியாது. இன்னொண்ணு, வெளிய அமைதியா இருந்தாலும் ஆம்ப் உள்ள முழு வேகத்துல ஓடிட்டு இருக்கு, டியூப் தேயும், சூடு வரும். அணைச்சதும் கண்ணாடி ஆறி டிக் டிக்னு சத்தம் வரும், அது அடங்குற வரைக்கும் நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். பெட்டியும் சூடாகும், மேல புக்கு, துணி எதுவும் வைக்காதீங்க. அப்புறம் ஹெட்ஃபோன்ல வால்யூம் ஏறிட்டே போறது தெரியவே தெரியாது, நான் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவ கழட்டி வச்சுட்டு தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

வெல ஆம்ப் வெலையில பாதிக்கு மேல வந்துடும். உங்ககிட்ட டியூப் ஆம்பே இல்ல, ராத்திரி ஹெட்ஃபோன்ல வாசிக்க மட்டும்தான் வேணும்னா இதுக்கும் ஆம்புக்கும் சேத்து செலவு பண்ணாதீங்க, ஒரு நல்ல மாடலர் (ஆம்ப் சத்தத்த டிஜிட்டலா செஞ்சு காட்டுற கருவி) வாங்குனா வேல முடிஞ்சுது. ஏற்கனவே நீங்க நேசிக்கிற ஒரு டியூப் ஆம்ப் மூலையில மூடிக் கெடக்குதுன்னா யோசிக்காம வாங்கலாம். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஆம்ப் பின்னாடி திருப்பி ஸ்பீக்கர் ஜாக் பக்கத்துல எத்தன ஓம்னு போட்டிருக்குன்னு ஒரு தடவ பாத்துடுங்க, நல்ல ஸ்பீக்கர் கேபிள் ஒண்ணும் அதோட சேத்து போட்டுடுங்க.