குமிழா, பலாவா, ரப்பரா: ஒரு சாண் மரச் சிற்பத்துக்கு எது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் மரத்துக்குப் பஞ்சமில்லை. விளையில் பலா நிற்கும், தோட்டத்தில் பால் வற்றி வெட்டிய ரப்பர் கிடக்கும், தேடினால் வேலியோரம் ஒரு குமிழும் அகப்படும். ஒரு சாண் உயரத்தில் சோகம், கோபம், பயம் என்று செதுக்க உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மரம் நல்லது என்றுதான். என்னைக் கேட்டால், சிற்பம் வீட்டில் எங்கே இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஏன் என்பதை மரங்களை வைத்தே சொல்கிறேன்.

குமிழ் எடை குறைவு, உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அவ்வளவாக நெளியாது. பாலக்காடு மாவட்டத்து வெள்ளிநேழியில் கதகளிக் கிரீடங்களை இந்த மரத்தில்தான் செய்கிறார்கள். இரவெல்லாம் தலையில் சுமக்கிற சாமான், கனக்கக் கூடாதே! நமக்கு முக்கியம் அதன் வெளிறிய நிறம். மேலாக இழுத்த கோடுகூட அதில் தெளிவாகத் தெரியும். புருவ நெரிப்பு, உதட்டோரச் சுழிப்பு எல்லாம் எடுபடும். முகத்தால் பேச வேண்டிய சிற்பம் என்றால் குமிழ்தான்.

பலாவின் குணம் வேறு. செண்டைக்கும் மிருதங்கத்துக்கும் வீணைக்கும் போகிற மரம். நார் குறுக்கும் மறுக்குமாகப் பின்னி ஓடுவதால், மழுங்கின உளியை வைத்தால் சீவாமல் பிய்த்துக்கொண்டு வரும். அறுத்த புதிதில் நல்ல மஞ்சள். வெளிச்சம் படப்படத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பேறிக் கறுக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சளாக இருந்தபோது அழகாகத் தெரிந்த கண்ணீர்க் கோடு, மரம் கறுத்ததும் தேடினாலும் கிடைக்காது. எனவே பலாவில் முகத்தை விட்டுவிட்டு உடம்பைச் செதுக்க வேண்டும். முழங்காலைக் கட்டிக்கொண்டு அதில் தலையைப் புதைத்திருக்கும் பெண்ணுக்குக் கண்ணும் மூக்கும் எதற்கு? பிடரியின் வளைவும் காதுவரை ஏறிய தோளும் போதும். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அழுகை, அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்) நான்கையும் முதுகுப்பக்கம் பார்த்தாலே தெரியும்படி செதுக்கிவிடலாம். நகை (சிரிப்பு), இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு) மூன்றும் முகத்தைக் கேட்கும், அவை குமிழுக்கு. உவகை (மகிழ்ச்சி) எதிலும் வரும், கையை மேலே தூக்கிவிட்டால். பக்கவாட்டில் மட்டும் நீட்ட வேண்டாம். நிற்கும் உருவத்தில் நார் மேலிருந்து கீழாக ஓடும். குறுக்கே நீட்டிய கை, ஒருநாள் தூசி தட்டும்போது பட்டென்று ஒடிந்துவிடும்.

ரப்பரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலை மலிவு, மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூசணம் ஏறும், அப்புறம் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் பதப்படுத்திய கட்டை கிடைத்தால் கை பழக வாங்கலாம். உணர்ச்சியை அதில் ஏற்றிப் பாடுபட எனக்கு மனம் வராது.

சரி, இடத்துக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் சிற்பம் போய்ச் சேருவது ஹாலில் இருக்கும் கண்ணாடி ஷோகேஸுக்கு. உள்ளே மேலிருந்து எல்இடி விளக்கு. கண்குழியில் நிழல் விழுந்து, சிரிக்கிற முகமும் துக்க வீட்டுக்கு வந்த முகமாகிவிடும். எதிரே டியூப்லைட் என்றால் நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும். திண்ணையோ ஜன்னலோரமோ நல்லது. அங்கே வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் மந்திரசாலையில், அதாவது ராஜா ஆலோசனை நடத்திய கூடத்தில், கொஞ்சம் நின்று பாருங்கள். சாய்ந்த மரச் சட்டங்களின் வழியே வெளிச்சம் அளவாக வடிந்து வரும். அப்படிப்பட்ட வெளிச்சத்தில் பலாவின் ஆழமான பள்ளங்கள் எழுந்து நிற்கும். ஷோகேஸ்தான் என்று முடிவாகிவிட்டால், கண்குழியை ஆழமாகத் தோண்டாமல் குமிழில் செய்யுங்கள்.

உயரமும் கவனிக்க வேண்டியது. குறுகி உட்கார்ந்த உருவத்தை மேலிருந்து பார்க்க வேண்டும். திண்ணைப் படியே அதற்குப் போதும். நிமிர்ந்த பெருமிதத்தைக் கண்மட்டத்துக்கு மேலே ஏற்றுங்கள். இரண்டு உருவங்களை முதுகோடு முதுகாக, நான்கு விரல் இடைவெளியில் வைத்துப் பாருங்கள், நேற்று ராத்திரி சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி. அதே இரண்டையும் ஒரே பக்கம் திருப்பி ஒட்டி வைத்தால், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற தம்பதி. உளி படாமலே கதை மாறிவிடும்.

மெருகு விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயவே காயாது, தூசி ஒட்டும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும். பளபள வார்னிஷும் வெளிச்சத்தைத் திருப்பியடித்து வளைவுகளை மறைத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் அல்லது மெழுகு, மெல்லியதாக.

எப்படியும் முற்றத்து மரத்தடியில்தான் வைப்பேன் என்பவர்கள் மூன்றையும் விட்டுவிட்டு அயனி மரத்தின் வைரத்துக்கு, அதாவது நடுவில் இருக்கும் கெட்டியான கட்டைக்கு, போக வேண்டும். கேரளக்காரர்கள் ஆஞ்சிலி என்று சொல்லிச் சுண்டன் வள்ளம் என்கிற பந்தயப் படகு செய்கிற மரம், ஈரத்துக்கு அசையாது. ஆனாலும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து கொட்டுகிற ஊர் இது. அடிப்பாகத்து வெட்டுமுகம்தான் தண்ணீரை முதலில் உறிஞ்சும். அங்கே முந்திரித் தோட்டு எண்ணெயைக் கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள், தோலில் பட்டால் புண்ணாகும். மண்ணில் நேரடியாக ஊன்றாமல் மூன்று கல்லின் மேல் காற்றுப் போகும்படி நிறுத்துங்கள், கறையான் ஏறினாலும் கண்ணில் பட்டுவிடும்.