சிடியா, எம்ஆர்ஐயா? குடல் அழற்சி நோயில் கான்ட்ராஸ்ட் மருந்துகள்

குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் க்ரோன் நோய் என்று சந்தேகம் வந்தால், சென்னையில் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: சிடி என்டரோகிராஃபி அல்லது எம்ஆர் என்டரோகிராஃபி. இரண்டும் சிறுகுடலைப் பார்க்கும் ஸ்கேன்கள். படத்தில் குடல் தெளிவாகத் தெரிய, இரண்டிலும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியாகப் போடுவோம், குடிக்கவும் ஒன்று கொடுப்போம். சீட்டோடு வருகிறவர்களின் முதல் கேள்வி, "ரெண்டுல எது நல்லது?" அடுத்த கேள்வி, "ஊசி போடுவாங்களாமே, கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதே?" குடிக்கிற மருந்தைப் பற்றி மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. ரேடியோகிராஃபராக வேலை பார்க்கும் எனக்கு அதுதான் பெரிய கவலை. படம் கெட்டுப்போவது ஊசியால் அல்ல, பாதியில் குடிப்பதை நிறுத்திவிட்டு மேசையில் ஏறிப் படுப்பதால்.

சிறுகுடல் சும்மா இருக்கும்போது சுருங்கித்தான் இருக்கும். சுருங்கிய குடலின் சுவர், நோயில்லாவிட்டாலும் தடித்ததுபோல் தெரியும். நோய் இருந்தால் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகவே உள்ளே நீர் நிரப்பி விரிக்க வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அதைக் குடல் உறிஞ்சிவிடும். க்ரோன் நோய் அதிகம் பிடிப்பதோ அந்தக் கடைசிப் பகுதியைத்தான். அதனால் குடல் உறிஞ்சாத ஒரு சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிறோம். பல இடங்களில் அது மேனிட்டால்: 20 சதவீத பாட்டிலை வாங்கி, 2.5 முதல் 3 சதவீதம் வரும்படி நீர்க்கச் செய்து, ஒன்றரை லிட்டரைச் சுமார் முக்கால் மணி நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, கடைசி டம்ளரை மேசைக்குப் போகும் முன் குடிக்கச் சொல்வோம். லேசாக இனிக்கும். வயிறு உப்பும். அப்புறம் சில மணி நேரம் பேதியாகும். தாம்பரத்திலிருந்தோ ஆவடியிலிருந்தோ மின்சார ரயிலில் வந்தவர்கள், ஸ்கேன் முடிந்ததும் ஓடிப்போய் வண்டி பிடிக்க வேண்டாம்; கழிப்பறை பக்கத்தில் இருக்கிற இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்கெனவே பேதியால் வாடியவர்கள் வீட்டுக்குப் போய் ஓஆர்எஸ் குடிப்பது நல்லது.

இந்தப் பானம் சிடிக்கும் எம்ஆர்ஐக்கும் பொது. ஊசியும் எந்திரமும்தான் மாறுகின்றன.

பழைய வழியையும் சொல்லிவிடுகிறேன். க்ரோனும் அவருடைய சகாக்களும் இந்த நோயை விவரித்து எழுதியது 1932-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் திறந்தது 1934-ல். அந்தக் காலத்தில் சிறுகுடலை எக்ஸ்ரேயில் பார்க்க பேரியம் சல்பேட்தான். வெள்ளைக் கூழைக் குடித்துவிட்டு, அது குடலில் இறங்க இறங்கப் படமெடுப்பார்கள். குடலின் உள்பக்க ஓரம், புண், நூல்போல் ஒடுங்கிய இடம் எல்லாம் அழகாகத் தெரியும். சுவரும், சுவருக்கு வெளியே உள்ள சீழ்க்கட்டி, நெறிகட்டிகளும் தெரியாது. குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கூடவே கூடாது. வயிற்றுக்குள் கசிந்தால் கடுமையான அழற்சி வரும். இன்றைக்கு சிடியோ எம்ஆரோ கிடைக்கிற இடத்தில் க்ரோன் நோய்க்குப் பேரியத்தை முதல் பரிசோதனையாக எழுதுவதற்குக் காரணம் இல்லை என்பது என் கருத்து.

சிடி: அயோடின் ஊசி

சிடியில் கையில் வென்ஃப்ளான் (ரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்) போட்டு, அயோஹெக்ஸால் போன்ற அயோடின் மருந்தை எந்திரத்தால் வேகமாகச் செலுத்துகிறோம். உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஊசி போட்டு ஏறக்குறைய 45 விநாடியில் குடல் சுவர் நன்றாக ஒளிரும், அப்போது எடுக்கிறோம். உள்ளே மேனிட்டால் தண்ணீர் கறுப்பாக இருக்க, அழற்சி உள்ள உட்சுவர் வெள்ளையாகத் துலங்கும். குடலுக்கு வரும் சிறு ரத்தக்குழாய்கள் புடைத்து வரிசையாக நிற்பதை ரேடியாலஜிஸ்டுகள் 'சீப்பு' அடையாளம் என்பார்கள். இதற்காகத்தான் வெள்ளையாகத் தெரியும் மருந்தைக் குடிக்கக் கொடுப்பதில்லை. வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துபோகும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எங்காவது கசிகிறதா என்று தேடும்போது மட்டும் கணக்கு மாறும். அப்போது நீரில் கரையும் அயோடின் மருந்தையே வாய் வழியாகக் கொடுப்பதுண்டு.

கிட்னி விஷயத்துக்கு வருவோம். ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இ-ஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனவர்களிடம்தான் அயோடின் ஊசிக்கு உண்மையான தயக்கம் வேண்டும். மற்றவர்களுக்கு அபாயம் மிகக் குறைவு. ஆனால் குடல் அழற்சிக்காரர்கள் இரண்டு காரணங்களுக்காகப் புதிய கிரியேட்டினின் ரிப்போர்ட்டோடு வருவது நல்லது: பேதியால் உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், குடல் அழற்சிக்குக் கொடுக்கும் மெசாலமைன் மாத்திரை அரிதாகச் சிலருக்கு சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அலர்ஜி பற்றியும் நம் ஊரில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. "எனக்கு இறால் ஒத்துக்காது, அயோடின் ஊசி போடலாமா?" என்று கேட்காத வாரம் இல்லை. இறால், நண்டு அலர்ஜிக்குக் காரணம் அவற்றில் உள்ள டிரோப்போமயோசின் என்ற புரதம். அயோடினுக்கு அதில் பங்கில்லை. முன்பு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டபோதே உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதுதான் நாங்கள் கேட்க வேண்டிய, நீங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம். இப்போதைய மருந்துகளில் கடுமையான எதிர்விளைவு பத்தாயிரம் பேரில் சுமார் 4 பேருக்கு வருகிறது.

சிடியின் உண்மையான விலை கதிர்வீச்சு. ஒரு வயிற்று சிடி சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையாக நமக்கு ஆண்டுக்குக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. ஒரு தடவைக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் க்ரோன் நோய் இருபது வயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் நோய். ஒவ்வொரு முறை வலி வரும்போதும் சிடி என்றால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஃபைலில் அடுக்கடுக்காக சிடி படங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

எம்ஆர்ஐ: கடோலினியம்

எம்ஆரில் கதிர்வீச்சு கிடையாது. சிறுகுடல் க்ரோனைக் கண்டுபிடிப்பதில் சிடிக்குக் கிட்டத்தட்ட சமமாகவே நிற்கிறது. மேனிட்டால் தண்ணீர் ஒருவகைப் படத்தில் வெளிச்சமாகவும் இன்னொரு வகையில் கறுப்பாகவும் தெரிவதால், சுவரில் உள்ள நீர்க்கோவையையும் ஒளிர்வையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஊசி போட்ட பிறகு பல நிமிடங்களுக்கு மறுபடி மறுபடி படமெடுக்கவும் தயங்க வேண்டாம். நேரம் போகப்போக ஒளிர்வு கூடிக்கொண்டே வந்தால், குடல் ஒடுங்கிய அந்த இடத்தில் தழும்பு அதிகம் என்று சந்தேகிக்க இடமுண்டு. மருந்தில் சரியாகுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று யோசிக்கும் டாக்டருக்கு இது பெரிய துணை.

கஷ்டமும் உண்டு. சிடியில் மூச்சை ஒரு தரம் அடக்கினால் முடிந்தது. இங்கே அரை மணி முதல் முக்கால் மணி நேரம், சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்க வேண்டும். குடல் அசைந்தால் படம் கலங்கும் என்பதால் ஹையோசின் ஊசியும் போடுவோம். குளுக்கோமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டணமும் சிடியைவிட அதிகம்.

எம்ஆரில் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியில் இருக்கும் உலோகம் கடோலினியம். அதைப் பற்றிய பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோல் இறுகிப்போகும் நோயோடு இந்த மருந்துக்குத் தொடர்பு இருப்பது 2006-ல் தெரியவந்தது. 2014-ல், பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் கடோலினியம் தங்கும் சுவடு எம்ஆர் படங்களிலேயே தெரிவதாக ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள். இரண்டிலும் அதிகம் மாட்டியது நேர்க்கோட்டு அமைப்புள்ள பழைய மருந்துகள். கூண்டுபோல் கடோலினியத்தைச் சுற்றிப் பிடித்து வைக்கும் கடோபியூட்ரால், கடோடெரேட் போன்ற வளைய வகைகளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை நேர்க்கோட்டு வகைகள் பலவற்றை நிறுத்திவைத்தது. ஆகவே கடோலினியமே வேண்டாம் என்று மறுக்க வேண்டியதில்லை. "வளைய வகையா?" என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தொடர் சிகிச்சையில் சும்மா நிலவரம் பார்க்க மட்டும் என்றால், டிஃப்யூஷன் படங்களை (திசுவில் நீர் நகரும் விதத்தைக் காட்டும் எம்ஆர் படங்கள்) வைத்து ஊசியே இல்லாமல் ஓரளவு சமாளிக்கலாம்.

ஆசனவாய் அருகே பௌத்திரம் இருந்தால் விவாதமே இல்லை, இடுப்பு எம்ஆர்ஐதான். அங்கே சிடி பக்கத்தில்கூட வர முடியாது.

அல்ட்ராசவுண்டும் போட்டியில் இருக்கிறது. குடல் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2018-ல் பிரிட்டனில் வெளிவந்த மெட்ரிக் ஆய்வில், சிறுகுடல் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை எம்ஆர் 80 சதவீதமும் அல்ட்ராசவுண்ட் 70 சதவீதமும் சரியாகப் பிடித்தன. அல்ட்ராசவுண்டுக்கும் நுண்குமிழி ஊசி என்று ஒரு கான்ட்ராஸ்ட் இருக்கிறது. உள்ளே இருக்கும் வாயு நுரையீரல் வழியே வெளியேறிவிடுவதால் சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. ஆனால் நம் ஊரில் குடலுக்காக அதைப் பயன்படுத்தும் இடங்கள் குறைவு.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல்: டிபி

லண்டனிலோ நியூயார்க்கிலோ எழுதப்பட்ட ஒப்பீடுகள் இந்த இடத்தில் நமக்குப் போதாது. இங்கே சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம் தடித்திருந்தால், அது குடல் டிபியாகவும் இருக்கலாம். க்ரோன் என்று நினைத்து ஸ்டீராய்டோ, நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் பயலாஜிக் ஊசியோ கொடுத்துவிட்டால் டிபி கொழுந்துவிட்டு எரியும். மாறாக, க்ரோனுக்கு மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால் குடல் ஒடுங்கும். பயாப்ஸி பல சமயம் தெளிவாகச் சொல்லாது. அங்கே ஊசி போட்டு எடுத்த ஸ்கேன் உதவுகிறது: நடுப்பகுதி செத்து ஓரம் மட்டும் ஒளிரும் நெறிகட்டி டிபி பக்கம் சாயும், இடைவிட்டு இடைவிட்டு நீளமாகத் தடித்த குடலும் சீப்பு அடையாளமும் க்ரோன் பக்கம். ஊசி போடாத பிளைன் ஸ்கேனில் அந்த நெறிகட்டியின் நடுப்பகுதி பிரிந்தே தெரியாது. "மருந்தில்லாமல் எடுத்துடுங்க" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவது இதனால்தான்.

சரி, யாருக்கு எது? நள்ளிரவில் காய்ச்சலோடும் வீங்கிய வயிற்றோடும் எமர்ஜென்சிக்கு வருகிறவருக்கு சிடி. குடிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஓட்டை, சீழ், அடைப்பு உடனே தெரிய வேண்டும். நிதானமாக இருக்கிற, முப்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு, காசும் காத்திருக்கும் நேரமும் இடம் கொடுத்தால் எம்ஆர். வயதானவர், மூச்சடக்க முடியாதவர், மூடிய இடத்தில் பயப்படுகிறவர் என்றால் சிடி. பெருங்குடலை மட்டும் பிடிக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு முதன்மையானது கொலோனோஸ்கோப்பிதான். இந்த இரண்டும் அதற்கு மாற்றில்லை. கேமரா உள்ள மாத்திரையை விழுங்கிப் படமெடுக்கும் கேப்ஸ்யூல் என்டோஸ்கோப்பி எழுதியிருந்தால், அதற்கு முன்பே இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடுக்கம் இருந்தால் கேப்ஸ்யூல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் கடோலினியம் இல்லாத எம்ஆர். பாலூட்டும் தாய்மார்கள் இரண்டு ஊசிகளுக்குப் பிறகும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். கறந்து கீழே ஊற்ற வேண்டியதில்லை.