கயாக் வகுப்பில் விண்டி செயலி: சில வருட அனுபவம்

முட்டுக்காட்டிலும் கோவளம் கரையிலும் பொழுதுபோக்காகக் கயாக் என்ற சிறு படகில் துடுப்பு போட வருகிறவர்களுக்கு வானிலையைப் புரியவைக்க, சில வருடங்களாக விண்டி செயலியைத்தான் பயன்படுத்துகிறேன். இலவசப் பதிப்பே தாராளம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடுவது மழை உண்டா என்பதைத்தான். மழையில் நனையலாம், பரவாயில்லை. ஆளை இழுத்துக்கொண்டு போவது காற்று. அதனால் கஸ்ட், அதாவது திடீரென வேகமெடுத்து வீசும் காற்று, அதன் வேகத்தைக் காட்டும் வரிசையை முதலில் காட்டுவேன். காற்று 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்), கஸ்ட் 17 நாட் என்று இருந்தால் 17-ஐ வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகும்.

அப்புறம் திசை. ஜூன் மாதக் காலைகளில் சென்னைப் பக்கம் பெரும்பாலும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத் தண்ணீர் தட்டையாக, ஆசைகாட்டிக்கொண்டு கிடக்கும். நின்றபடி துடுப்பு போடும் பலகைக்காரர்களை நான் கடலுக்குள் விடவே விடாத நேரம் அது. உடம்பே பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். சும்மா நின்றாலே ஆழத்துக்குப் போய்விடுவார்கள்.

செயலிக்கு எல்லை உண்டு, அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அதில் வரும் ஐரோப்பிய மாடல் என்ற வானிலைக் கணிப்பு சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாக உலகைப் பார்க்கிறது. முட்டுக்காட்டுக் கழி (கடலை ஒட்டிய உப்பங்கழி) அந்தக் கட்டத்துக்குள் ஒரு கீற்று. கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்பதும் அன்றைய மேல்காற்றின் பலத்தைப் பொறுத்தது. அது பலமாக இருந்தால் கடல்காற்று தாமதமாகும்.

இதற்காக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கயாக் முனையில் ஒரு துணி நாடா கட்டிவிடுவேன். நாடா எந்தப் பக்கம் பறக்கிறது, தண்ணீரில் வெள்ளை நுரை அங்கங்கே தெரிகிறதா என்று பார்த்து, காற்று எத்தனை நாட் என்று ஒவ்வொருவரும் முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் போனைத் திறக்கலாம். நுரை தெரிய ஆரம்பித்தாலே 7 நாட்டைத் தாண்டிவிட்டது என்பது சீக்கிரமே மனதில் பதிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை, எந்த விளக்கப் படமும் இந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

இடிக்கு மட்டும் செயலியை நம்பிக் காத்திருக்க மாட்டேன். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் உடனே கரை, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகே மறுபடி தண்ணீர். கடலில் இறங்கும் நாளில், இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் அலை எச்சரிக்கையைத் தனியாகப் பார்த்துவிடுவேன். தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும். எச்சரிக்கை இருந்தால் வகுப்பு கழியோடு சரி.