800 மீட்டர் பிள்ளைக்கு வி.ஓ.2 மேக்ஸ் டெஸ்ட்: 7,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் 22 வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் 800 மீட்டர் ஓடும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, வி.ஓ.2 மேக்ஸ் டெஸ்ட்டுக்காக, அதாவது ஓடும்போது உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் பரிசோதனைக்காக, சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றோடு சேர்ந்த விளையாட்டு அறிவியல் ஆய்வகத்துக்கு இரண்டு தடவை போய்வந்தேன். இதே பரிசோதனை இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது. எங்கே போனாலும் கவனிக்க வேண்டியவை இவைதான் என்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை.

பிள்ளைக்கு வயது 16, பதினொன்றாம் வகுப்பு. ஒரு வருடமாக 2:24-லேயே நின்றுகொண்டிருந்தாள். முதல் சுற்று அழகாகப் போவாள். கடைசி 200 மீட்டரில் தோள் காதுவரை ஏறிவிடும், கை குறுக்கே ஆடும், ஓட்டம் நடையாகிவிடும். "ஸ்டாமினா பத்தல" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பி வாரத்துக்கு 10 கிலோமீட்டர் கூட்டினேன். நேரம் 2:26 ஆனது. அதற்கு மேல் என் ஸ்டாப்வாட்ச்சுக்கு எதுவும் தெரியாது என்று புரிந்த பிறகுதான் இந்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். ஆய்வகத்தில் போனிலேயே சில விஷயங்கள் சொல்லியிருந்தார்கள்: முந்தின நாள் கடும் பயிற்சி கூடாது, மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், டீ, காபி வேண்டாம். சரி, இதெல்லாம் செய்தாயிற்று. ஆனால் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்பதை வரவேற்பு மேசையில்தான் சொன்னார்கள். வெளியூர்ப் பயணம் என்பதால் அவள் அம்மாவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி வைத்திருந்தேன், தப்பித்தோம். இல்லையென்றால் 600 கிலோமீட்டர் வந்ததற்கு மெரினாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை யாருமே சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகக் கூடாது. எங்கள் ஊரில் பெண்பிள்ளை வெளியூருக்குக் கிளம்பினால் தேங்காயெண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னித்தான் அனுப்புவார்கள். மூச்சை அளக்கும் மாஸ்க்கைத் தலைக்குப் பின்னால் நான்கு வார்களால் இழுத்து மாட்டுகிறார்கள். எண்ணெய்ப் பின்னலில் அந்த வார் வழுக்கிக்கொண்டே இருந்தது. மாஸ்க்கும் பெரியவர்களுக்கான அளவு. ஓடத் தொடங்கி நான்காவது நிமிடம், திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று ட்ரெட்மில்லை நிறுத்தினார். "மேடம், மூக்குப் பக்கம் காத்து வெளியே போகுது, நம்பர் குறைச்சுக் காட்டுது" என்றார். நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கவே போவதில்லை. தப்பான ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருப்பேன். அவர் பிள்ளையின் தலையைத் துண்டால் அழுத்தித் துடைத்து, சின்ன மாஸ்க் எடுத்து மாட்டி, வாயைத் திறந்து ஊதச் சொல்லி ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் 3 லிட்டர் பம்ப் ஒன்றை இழுத்துத் தள்ளிக் கருவியை மறுபடி சரிபார்த்த பிறகே தொடங்கினார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

ட்ரெட்மில்லில் பழக ஐந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். அது போதாது. செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடிப் பழகிய பிள்ளை, காலுக்கடியில் தரை ஓடுவதை முதல் முறை பார்க்கிறாள். பயத்தில் கம்பியைப் பிடிக்கப் போகிறாள். நான் கேட்டு வாங்கியதால் பதினைந்து நிமிடம் கிடைத்தது. கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பரிசோதனை இதுதான். மணிக்கு 8 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகத்தை 1 கிலோமீட்டர் கூட்டுகிறார்கள். வெளியில் ஓடும்போது காற்று தடுக்கும் அல்லவா, அதற்கு ஈடாக 1 சதவீதம் ஏற்றம் வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அரை நிமிடம் நிறுத்தி, காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். தசை கடுமையாக வேலை செய்யும்போது உண்டாகி ரத்தத்தில் கலக்கும் லாக்டேட்டை அதில் அளக்கிறார்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதைத்தான் எடுத்தார்கள். வியர்வையிலும் லாக்டேட் இருப்பதால், அது கலந்தால் எண் ஏறிவிடும். ஓடாமல் நின்றபோது லாக்டேட் 1.2 இருந்தது. 10 கிலோமீட்டர் வேகத்தில் 3.0, 11-ல் 4.3, 12-ல் 6.4. அதற்குப் பிறகு ரத்தம் எடுப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நிமிடமும் வேகத்தைக் கூட்டி, அவள் முடியாது என்று கை காட்டும்வரை ஓட விட்டார்கள். மாஸ்க்குக்குள் இருந்து சத்தம் வராது. நான் பக்கத்தில் நின்று, "ஏட்டி, இன்னும் அரை நிமிஷம், கையை வீசு" என்று கத்திக்கொண்டிருந்தேன். இறங்கியதும் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கடைசி 200 மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

வந்த எண் 43.6. ஒரு நிமிடத்தில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், அவள் உடம்பு அதிகபட்சமாக 43.6 மில்லி லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அர்த்தம். 1920-களில் இங்கிலாந்தில் ஏ. வி. ஹில் என்ற விஞ்ஞானி தானே ஓடி, தன் மூச்சைப் பையில் பிடித்து அளந்த அதே கணக்கு. பைக்குப் பதிலாக இப்போது ஒரு குழாயும் கணினியும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் 7,000 ரூபாய் வீண். அங்கே இருந்த விளையாட்டு மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் பணம் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். இவள் ஓடும் நேரத்துக்கும் பயிற்சிக்கும் 43.6 குறைவாகத் தெரிகிறது என்றார். நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது, இதயம் 194 துடிப்புவரை போயிருக்கிறது, முழு மூச்சும் போட்டுத்தான் ஓடியிருக்கிறாள். அப்படியானால் ஆக்சிஜனைச் சுமக்கிற வண்டியில்தான் குறை இருக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்து, "உனக்குச் சீக்கிரம் களைப்பு வருதாம்மா? மாதவிடாய் அதிகமா போகுமா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போனேன். ஆறு நாள் அதிகமாகப் போகும் என்பதை அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை. நான்கு வருடமாக என்னிடம் பயிற்சி எடுக்கிறாள், நானும் கேட்டதில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் அந்த வண்டிதான் ஹீமோகுளோபின். அவளுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் 9.4 கிராம்தான் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் ஆக்சிஜனைத்தான் சுமக்கும். அவளுடைய 100 மில்லி ரத்தத்தில் 12.6 மில்லி ஆக்சிஜன்தான் ஏறுகிறது. 12.5 கிராம் இருந்தால் 16.75 ஏறும். அந்தக் குறையோடு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான் கிலோமீட்டரைக் கூட்டியிருக்கிறேன்.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறோம். வயிற்றைப் புரட்டுகிறது என்று அவள் அதை விழுங்குவதே இல்லை. ஊருக்கு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினோம். தினமும் இரும்புச் சத்து மாத்திரை, பூச்சி மருந்து, சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்துக்குத் தடை. டீயில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் அம்மா பீடி சுற்றுகிற இடத்தில் மாத்திரை அட்டையைத் தொங்கவிட்டுத் தினமும் எண்ணினார்.

இப்போது குறை. வீட்டுக்கு வந்த அறிக்கை 11 பக்கம், முழுக்க ஆங்கிலம். அதுகூடப் போகட்டும். பயிற்சி மண்டலங்கள், அதாவது எந்தப் பயிற்சிக்கு இதயம் எவ்வளவு துடிக்கலாம் என்ற வரம்புகள், போட்டிருந்த பக்கத்தில் அதிகபட்ச இதயத் துடிப்பு 204 என்று இருந்தது. 220-இல் இருந்து வயதைக் கழித்திருக்கிறார்கள்! அது யாருக்கும் பொதுவாகப் போடுகிற தோராயக் கணக்கு. ஒருவருக்கு ஒருவர் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சாதாரணமாக மாறும். நேரில் ஓடவிட்டு 194 என்று அளந்துவிட்டு, அதை மூன்றாம் பக்கத்தில் அச்சடித்துவிட்டு, ஏழாம் பக்கத்தில் 204 வைத்து மண்டலம் போட்டால் பிள்ளை ஒவ்வொரு நாளும் தேவைக்கு மேல் ஓடுவாள். போன் செய்து சொன்னேன், இரண்டு நாளில் திருத்தி அனுப்பினார்கள். திருத்தினார்கள் என்பது நல்லதுதான். ஆனால் கவனிக்காத எத்தனை பேருக்கு இப்படிப் போயிருக்கும்? அறிக்கை வந்ததும் இந்த ஒரு இடத்தை முதலில் பாருங்கள். இன்னொரு விஷயம், அளந்தது 23 டிகிரி ஏ.சி. அறையில். எங்கள் மைதானத்தில் வெயில் ஏறிவிட்டால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். அதனால் அந்த மண்டலங்களைக் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன்.

அந்த மருத்துவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. நான் படித்த காலத்தில் 800 மீட்டர் என்றால் பாதிக்கு மேல் மூச்சில்லாத ஓட்டம் என்றும், லாக்டிக் அமிலம் (அதாவது இந்த லாக்டேட்) தசையில் தேங்கும் கழிவு என்றும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை ஸ்பென்சர், காஸ்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து 2001-ல் வெளியிட்ட கணக்கில், 800 மீட்டருக்கான ஆற்றலில் 66 சதவீதம் ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. 400 மீட்டரிலேயே 43 சதவீதம். லாக்டேட் என்பது கழிவே அல்ல. ஒரு தசையில் உண்டாகி இன்னொரு தசையிலும் இதயத்திலும் எரிபொருளாக எரிகிறது என்று கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் பல வருடங்களாகக் காட்டிவருகிறார். மறுநாள் தொடை வலிக்கு "லாக்டிக் ஆசிட் நிக்குது" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதையும் நிறுத்திவிட்டேன். ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் போய்விடுகிறது.

ஐந்து மாதம் கழித்து, போன மாதம் இரண்டாம் முறை போனோம். ஹீமோகுளோபின் 12.5. பரிசோதனையில் 48.9. லாக்டேட் 4-ஐத் தொடும் வேகம் மணிக்கு 10.8 கிலோமீட்டரில் இருந்து 12-க்கு வந்திருக்கிறது, அந்த வேகம் கூடினால் நல்லது. எல்லாம் ரத்தம் ஏறியதால் வந்தது என்று சொல்ல மாட்டேன், நடுவில் ஐந்து மாதப் பயிற்சியும் இருக்கிறது. மாவட்டப் போட்டியில் 2:17 ஓடினாள்.

அடுத்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. "பரீட்சை முடியிறவரை ஓட்டம் வேண்டாம்" என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய வி.ஓ.2 மேக்ஸ் கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை அளந்தபோது, முப்பது வருட மூப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அதிகம் இறக்கியிருந்தது. படுத்திருப்பது வேறு, படிப்பது வேறு, தெரியும். ஆனாலும் ஒரு வருடம் முழுக்க நிறுத்தினால் இந்த 48.9 நிற்காது. வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் மட்டும் விடுங்கள் என்று இரண்டு அறிக்கைகளையும் அவள் அப்பா முன்னால் விரித்துக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

யாருக்கு இது தேவை? புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கும் வருடா வருடம் நேரம் குறைந்துகொண்டே வருகிற பிள்ளைகளுக்கும் அவசியமில்லை. முதலில் 100, 200 ரூபாய்க்கு ஹீமோகுளோபினைப் பாருங்கள், அரசு மருத்துவமனையில் அதுவும் இலவசம். அதெல்லாம் சரியாக இருந்தும் நின்ற இடத்திலேயே நிற்கிற பிள்ளை என்றால் போகலாம். முன்பதிவு செய்யும்போது மருத்துவர் இருக்கிற நாளைக் கேட்டு வாங்குங்கள். அவர் இல்லாத நாளில் அறிக்கையை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள். சின்ன மாஸ்க் இருக்கிறதா, பெண் ஊழியர் இருப்பாரா என்று கேளுங்கள்.

இரண்டாம் முறை போனபோது பிள்ளை முந்தின நாளே சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்து, எண்ணெய் தொடாமல் வந்திருந்தாள். அந்தப் பெண் சின்ன மாஸ்க்கை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வார் வழுக்கவில்லை.