அத்தையின் முழங்காலும் கோடைப் படங்களும்

என் தையல் மிஷினுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அளவு ப்ளவுஸ் கொடுக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்ததும் கேட்பது, "எப்போ அக்கா தருவீங்க?" ஏப்ரல், மே வந்துவிட்டால் கூடவே இன்னொன்றும் வரும்: "அந்தப் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா அக்கா?" முதல் கேள்விக்கு நான் சொல்லும் பதிலை எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. இரண்டாவதற்குச் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். அதனால் 2025 கோடையில் நாங்கள் பார்த்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மிஷினை நிறுத்தாமல் ஒவ்வொருத்தருக்கும் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரர் அஜித் ரசிகர். இந்த வயதிலும் முதல் வாரமே போயாக வேண்டும். பெரியவள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். சின்னவன் நாலாவது முடித்திருக்கிறான். அப்புறம் அத்தை, என் மாமியார். வயது அறுபத்தெட்டு, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அவருக்கு ஓரத்து சீட் வேண்டும், இடைவேளையில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். படம் எவ்வளவு நீளம் என்பதை நான் முதலில் பார்ப்பது அத்தைக்காகத்தான். பெரிய மால் தியேட்டரில் ஒரு டிக்கெட் 190 ரூபாய் அளவில் வந்து நிற்கிறது. ஐந்து பேருக்கு எடுத்து, இணையத்தில் போடுவதற்கான கட்டணமும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். மூன்று லைனிங் ப்ளவுஸ் தைத்த கூலி, பாப்கார்ன் வாங்குவதற்கு முன்னாலேயே காலி.

சான்றிதழைப் பார்த்துப் போகலாமே என்பார்கள். இப்போது யு/ஏ என்பதை மூன்றாகப் பிரித்து 7+, 13+, 16+ என்று போடுகிறார்கள். 16+ என்றால் சின்னவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று நானும் நினைத்தேன். கிடையாது. அது பெற்றவர்கள் யோசிப்பதற்கான குறிப்பு. ஆள் வயதைப் பார்த்து நிறுத்த வேண்டியது 'ஏ' படத்துக்கு மட்டும்தான். மே முதல் தேதி வந்த 'ஹிட் 3' அப்படி. அதில் நடித்த நானிக்காகப் பெரியவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஏ என்றால் ஏதான், பேச்சே இல்லை.

ஏப்ரல் 10-ல் வந்த 'குட் பேட் அக்லி'யில் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைக் காட்சி, குடும்பத்தோடு. மகனுக்காகக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போன தாதா, அதே மகனுக்காகத் திரும்ப எடுக்கிறான். அவ்வளவுதான் கதை. சுடுகிறார்கள், வெட்டுகிறார்கள், ஆனால் அதில் ஒன்றும் நெஞ்சில் நிற்பதில்லை. கோயில் திருவிழாவில் மஞ்சத்தண்ணி ஊற்றுகிற மாதிரி ரத்தம். சின்னவன் கைதட்டினான், பயப்படவே இல்லை. அவனுக்குப் புரியாதது வேறு. படம் முழுக்க அஜித்தின் பழைய படங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே போகிறது. வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் அவன் காதில் குனிந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவர், "அண்ணே, நாங்களும் படம் பாக்குறோம்ணே" என்றார்.

'தொட்டுத் தொட்டுப் பேசும் சுல்தானா' வந்தபோது தியேட்டரே ஆடியது. எனக்குப் பழைய பாட்டும் அதில் ஆடிய சிம்ரனும் ஞாபகம் வர, சிம்ரனும் இந்தப் படத்திலேயே ஒரு காட்சிக்கு வந்து நின்றார். நான் போட்ட விசிலில் பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை மட்டும் பாவம். சத்தம் தாங்காமல் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, இடைவேளையில் என்னைக் கேட்டார்: "ஏத்தா, அந்தப் பையனும் அப்பனும் ஒக்காந்து ஒரு வாய் சோறு தின்னாய்ங்களா இன்னும்?" எனக்கு அப்படி ஒரு காட்சி நினைவுக்கு வரவில்லை. பிள்ளைகளோடு போகலாமா என்றால் போகலாம். கெட்ட கனவு வராது. பெரியவர்களை விட்டுவிட்டுப் போங்கள்.

அன்றைக்கு ஒரு தகராறும் நடந்தது. வாசலில் பையைச் சோதித்து அத்தைக்காக எடுத்துப்போன முறுக்கை வாங்கி மேஜையில் வைத்துவிட்டார்கள். வெளிச் சாப்பாட்டைத் தியேட்டர்காரர் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் அதே தீர்ப்பில் குடிக்கத் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. தண்ணீர் எங்கே என்று கேட்டால் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டுகிறார் ஒரு பையன். அங்கே குழாய் இருந்தது, தம்ளர் இல்லை. மாத்திரை போட வேண்டிய மனுஷி கையைக் குவித்துக் குடித்தார். முறுக்கு திரும்பக் கிடைத்தபோது நொறுங்கியிருந்தது.

மே 1-ல் வீடு இரண்டாகப் பிரிந்தது. ஒரே நாளில் சூர்யாவின் 'ரெட்ரோ', சசிகுமாரின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அப்பாவும் பிள்ளைகளும் ரெட்ரோவுக்குப் போனார்கள். நானும் அத்தையும் மற்றதற்கு. ரெட்ரோ இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். அத்தையின் முழங்காலுக்கு ஆகாது. டூரிஸ்ட் ஃபேமிலி இரண்டு மணி சொச்சம். உண்மையில் அந்த ஒரே காரணத்துக்காகத்தான் போனோம்.

உள்ளே பாதி சீட் காலி. இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் போன ஒரு குடும்பம் ராமேசுவரத்தில் படகிலிருந்து இறங்கி, சென்னையில் ஒரு தெருவில் குடி வருகிறது. வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். போன மாதம் நான் விசிலடித்த அதே சிம்ரன் இதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சசிகுமாருக்குச் சண்டை இல்லை, அரிவாள் இல்லை. கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார், அவ்வளவுதான் செய்கிறார். அதற்குள் என்னமோ ஆகிவிடுகிறது. ஒரு சாவு வீட்டுக் காட்சி இருக்கிறது. அத்தை என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இடைவேளையில் நடக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எடுத்தவர் அபிஷன் ஜீவிந்த், முதல் படமாம்; சின்னப் பையன். சின்ன மகனாக வரும் கமலேஷ் வாயைத் திறந்தாலே சிரிப்பு.

குறையும் உண்டு. அந்தத் தெருவில் எல்லோரும் கடைசியில் நல்லவர்கள். அவ்வளவு நல்ல தெரு மதுரையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நானும் குடிபோவேன். ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு பெண் பல வருடமாக என்னிடம் தைக்க வருகிறாள். அவளிடம் படம் எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு அக்கா. கதைக்கிறது அங்க இங்க தட்டுது, பரவாயில்ல. ஆனா எங்களுக்கு வாடகைக்கு வீடு அவ்வளவு லேசாக் கிடைக்காது" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா ரெண்டு தரம் பாத்தவா" என்றாள். இதற்கு மேல் நான் விமரிசனம் எழுத என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் ஐந்து பேருமே போனோம். அதற்குள் காட்சிகளைக் கூட்டிவிட்டார்கள், முன்வரிசைதான் கிடைத்தது. வரும் வழியில் சின்னவன், "அவங்க போலீஸ்ல உண்மையச் சொல்லிட்டா அனுப்பிருவாங்களாம்மா?" என்று கேட்டான். வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே பதில் சொல்லப் பார்த்தார், பாதியில் நிறுத்திவிட்டார்.

ரெட்ரோவை நான் மே கடைசியில் நெட்பிளிக்ஸில் வந்த பிறகு இரண்டு ராத்திரியாகப் பார்த்தேன். சிரிக்கவே தெரியாத ஒருவன் கதை. பூஜா ஹெக்டேயோடு கல்யாண மண்டபம், 'கனிமா' பாட்டு, வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்த அந்தப் பெரிய பகுதி, அது தியேட்டரில் பார்க்க வேண்டியது. விட்டுவிட்டேனே என்று வயிற்றெரிச்சல். அப்புறம் தீவுக்குப் போனார்கள். நானும் தூங்கப் போனேன். சின்னவனும் தியேட்டரில் அதே இடத்தில்தான் தூங்கினானாம். ஆபாசம் இல்லை, அடிதடி நிறைய. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கதை பிடிபடாது.

இனி 'மாமன்'. இதைப் பற்றித்தான் நாற்காலியில் உட்காருகிறவர்கள் அதிகம் கேட்டார்கள். "குடும்பப் படம்தானே அக்கா?" ஆமாம், குடும்பப் படம். அதனால்தான் யோசித்துப் போகச் சொல்கிறேன்.

மே 12 அழகர் ஆற்றில் இறங்கிய நாள். திருவிழாவுக்கு வந்த என் தம்பியும் அவன் மனைவியும் அந்த வாரம் முழுக்க எங்களோடு இருந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். 16-ம் தேதி மாமன் வந்தது. மாமனாக வரும் சூரி நம்ம மதுரைப் பக்கத்து ராஜாக்கூர்க்காரர், போகாமல் இருப்போமா? ஊரில் சிலர் படம் ஓட வேண்டும் என்று மண் சோறு சாப்பிட, சூரியே அதைக் கண்டித்துப் பேசினார். ஏழு டிக்கெட் எடுத்தோம்.

கதை இது. அக்காவுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை, தாய்மாமன் மேல் உயிராக இருக்கிறான். மாமனுக்குக் கல்யாணம் ஆகிறது. முதல் ராத்திரியிலும் மாமனோடுதான் படுப்பேன் என்று அழுகிறான். அவர்களும் விட்டுவிடுகிறார்கள். தியேட்டர் சிரித்தது. என் சின்னவன் அப்போது என் தம்பி மடியில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனும் மாமா பக்கத்தில்தான் படுத்திருந்தான். நான் எட்டித் தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. திரையில் ஐஸ்வர்யா லட்சுமி, பிள்ளை நடுவில் படுத்திருக்க, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முகமும் இவள் முகமும் ஒன்றாக இருந்தது.

படத்தில் அக்காவாக வரும் சுவாசிகா தம்பி மனைவியைப் பேசுகிற பேச்சு ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த பேச்சு. சில வார்த்தைகளை நானே பேசியிருக்கிறேன். "சின்னப் பிள்ளைதானே, என்ன போச்சு இப்போ?" இதை இரண்டு நாள் முன்னால் சொன்னேன். ராஜ்கிரணும் விஜி சந்திரசேகரும் வயதான தம்பதியாக வரும் இடங்கள் மட்டும் எனக்கு மூச்சு விட வழி கொடுத்தன. படத்தில் மிக நன்றாக இருப்பதும் அவைதான். மற்றபடி அழுகை கொஞ்சம் கூடுதல். இரண்டாம் பாதியில் ஆளாளுக்கு மாறி மாறி அழுகிறார்கள்.

வெளியே வந்து ஜிகர்தண்டா குடித்தோம். யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. அன்று ராத்திரி நான் சின்னவனை இழுத்து என் பக்கத்தில் போட்டேன். அவன் ஒரு பாட்டம் அழுது தீர்த்தான், படத்தில் வரும் பையன் லட்டு மாதிரியே. விடிந்ததும் தம்பி மனைவி அடுப்படியில் வந்து, "பரவாயில்ல மதினி, அவன் படுத்தா படுத்துட்டுப் போறான்" என்றாள். "நீ சும்மா இரு" என்றேன். காபியை அவளுக்கு முதலில் ஆற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கத்தியும் துப்பாக்கியும் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் பரோட்டா தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லாத படம்தான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே வரிசையில் உட்காராதீர்கள், நடுவில் இரண்டு சீட் விடுங்கள்.

'தக் லைஃப்' ஜூன் 5-ல் வந்தபோது பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் மட்டும் போனோம், நல்லதாகப் போயிற்று. கமலும், அவர் வளர்த்த பையனாக வரும் சிம்புவும், நடுவில் த்ரிஷாவும் என்று போகிற அந்த உறவைப் பெரியவளை வைத்துக்கொண்டு பார்த்திருந்தால் நான் செல்போனைத்தான் நோண்டியிருப்பேன். ரகுமானின் 'முத்த மழை'க்காகப் போனேன். படத்தில் அந்தப் பாட்டே இல்லை. இதைவிட ஒரு மோசடி ஏப்ரல் முதல் எனக்கு நடக்கவில்லை, முறுக்கைச் சேர்த்தும்.

ஜூன் 2-ல் பள்ளி திறந்தது. அதே நாளில் டூரிஸ்ட் ஃபேமிலி ஜியோஹாட்ஸ்டாரில் வந்துவிட்டது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் மிஷினில் உட்கார்ந்தால், அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி, இன்னொரு ஸ்டூலில் முழங்காலை வைத்துக்கொண்டு என் போனில் அதையே ஓடவிடுகிறார். அந்தச் சாவு வீட்டுக் காட்சி வந்ததும் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்க்கிறார். தள்ளத் தெரியாத இடத்தில் என்னைக் கூப்பிடுகிறார். நேற்று ஆனையூர்ப் பெண் வந்தபோது உட்கார நாற்காலி இல்லை. அவளும் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று இருபது நிமிடம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வந்த காரியத்தைக் கேட்டாள். அவள் ப்ளவுஸுக்கு நான் இன்னும் கை வைக்கவே இல்லை. நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.