ஸ்டார்ட் ஆகாத கெப்பும் ஒரு மல்டிமீற்றரும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் கெப் (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய சாமான், வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீற்றர். ஜம்ப் வயரும் ஸ்பேனர் செட்டும் அதற்கு அடுத்தவைதான். சாவியைத் திருப்பி வண்டி எழும்பாத காலையில், எதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பதை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பல வருடங்களாக ஒன்று என் டாஷ்போர்ட் பெட்டியிலேயே இருக்கிறது. அதை எங்கே எப்படி வைத்துப் பார்க்கிறேன், எதைக் கண்டுபிடித்துத் தந்தது, எதில் கையை விரித்தது என்பதை எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

வண்டி ஒரு ஜப்பான் டபுள் கெப். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் எஞ்சின், மனுவல் கியர். கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயர் சாமான் ஏற்றி நீர்கொழும்பு, களுத்துறைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதன் வேலை. வருடத்தில் சில தடவை ஏ9 வீதியில் யாழ்ப்பாணமும் போகும். இரவில் நிற்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில். இந்த இடம் முக்கியம். வண்டிக்கு வந்த வருத்தங்களில் பாதிக்கு அந்த உப்புக்காற்றுதான் காரணம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தார்கள். நடுவில் 2022இல் ரூபாய் விழுந்து ஸ்பெயார் பார்ட்ஸ் விலை எங்கேயோ போய்விட்டது. அந்தக் காலத்தில் ஒரு பாகத்தை ஊகத்தில் மாற்றிப் பார்க்கிற வசதி என்னைப் போன்றவர்களுக்கு இருக்கவில்லை. அளந்து பார்க்கும் பழக்கம் அப்போதுதான் ஊறியது.

மீற்றரைக் கையில் எடுக்கும் முன் காதைக் கொடுக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ‘டக டக டக’ என்று விடாமல் அடித்தால் பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, லைட்டும் பிரகாசமாக எரிகிறது என்றால் ஸ்டார்ட்டர் மோட்டர் பக்கம் பார்க்க வேண்டும். சத்தமே இல்லை, ஆனால் லைட் நன்றாக எரிகிறது என்றால் கிளட்ச் சுவிட்ச், இக்னிஷன் சுவிட்ச், ஸ்டார்ட்டருக்குப் போகும் சின்ன வயர். ஓட்டோ கியர் வண்டி என்றால் ‘பி’யிலிருந்து ‘என்’னுக்கு மாற்றி ஒரு தடவை திருப்பிப் பார்க்கலாம். எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் பற்றவில்லை என்றால், பற்றரியை அதோடு விட்டுவிட்டு டீசல் பக்கம் போய்விட வேண்டியதுதான். சுற்றி நிற்கிறவர்கள் இது எல்லாவற்றுக்கும் ‘பற்றரி டவுன்’ என்ற ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

அடுத்தது பற்றரியில் மூன்று அளவுகள். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவியைத் தொடுமுன் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அதை வைத்துக்கொண்டு வேறு எதையும் சோதிப்பதில் பிரயோசனமில்லை, முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். இரண்டாவது அளவு, செல்ஃப் அடிக்கும்போது, அதாவது சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டர் எஞ்சினைச் சுற்றும்போது. அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே இறங்கினால் பற்றரி களைத்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். இதில் கொழும்பு ஓட்டத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. காலி வீதி நெரிசலில் ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு ஐட்லிங்கில் நிற்கும்போது என் வண்டியில் 13க்குப் பக்கத்தில்தான் நிற்கும். இப்படி ஊர்ந்து ஊர்ந்தே ஓடும் வண்டியின் பற்றரி ஒருநாளும் வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. அதோடு வெக்கை. குளிர்தான் பற்றரியைக் கொல்லும் என்று நினைக்கிறோம். குளிரில் அது படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே தகடு அரித்துத் தண்ணீர் வற்றுவது வெக்கையில்தான்.

இனி, இந்த மீற்றரின் உண்மையான பெறுமதியைக் காட்டிய சோதனைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் வண்டி செல்ஃப் அடிக்கும்போது இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. சில நாள் எழும்பும், சில நாள் எழும்பாது. பற்றரி புதிது. கராஜ் பையனைக் கூப்பிட்டேன். கேட்ட உடனேயே, “அண்ணே, மோட்டர் போயிட்டு. பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் ஒண்டு எடுத்துப் போடுவம்” என்றார். “தம்பி, ஒரு நிமிஷம். உள்ளுக்க ஏறிச் சாவியத் திருப்புங்க” என்று சொல்லி பொனட்டைத் திறந்தேன். செல்ஃப் அடிக்கும்போது பற்றரியில் 11.5க்கு மேலேயே நின்றது. பற்றரியில் குறை இல்லை. அப்புறம் கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸ் ஈயக் குமிழில் வைத்து, சிவப்பு முனையை எஞ்சின் உடம்பில் துரு இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்திப் பிடித்தேன். எல்லாம் சரியாக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 3க்கு மேல் காட்டியது.

அதாவது பற்றரி கொடுத்ததில் 3 வோல்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேராமல் எர்த் வழியிலேயே காணாமல் போயிருக்கிறது. பற்றரி மைனஸை எஞ்சின் உடம்போடு இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றினோம். வெளியே பார்த்தால் நல்ல கேபிள். எஞ்சின் பக்கத்து லக்கில் (கேபிள் முனையில் போல்ட் பூட்டும் உலோக வளையம்) ரப்பரைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தபோது உள்ளே செம்பு இழைகள் பச்சை நிறத் தூளாகி இருந்தன. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. உப்புக்காற்று லக் வழியாக உள்ளே ஏறி, ரப்பருக்குள்ளேயே செம்பைத் தின்றிருக்கிறது. ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மோட்டர் வாங்கவில்லை. அதே அளவுத் தடிப்பில் கேபிள் வெட்டி, இரண்டு பக்கமும் புது லக் அடித்து வாங்கி வந்தோம். பூட்டிய பிறகு அதே இடத்தில் மீற்றர் 0.1 காட்டியது. சாவியைத் தொட்டதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“ஓம் ரேஞ்சில வச்சுப் பாத்தா கேபிள் சரியெண்டுதானே காட்டுது?” என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. டீசல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டருக்கு 200 ஆம்பியருக்கு மேல் தேவை. வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே போய்விடும். சாதாரண மீற்றரால் 0.01 ஓமை அளக்கவே முடியாது. ‘பீப்’ என்று சத்தம் போட்டு வழி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஒரேயொரு இழை மிஞ்சியிருந்தாலும் அதே பீப்தான். ஆகவே கேபிளை, அதன் வழியே பெரிய மின்னோட்டம் ஓடும் நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். பிளஸ் பக்கமும் இதே மாதிரித்தான்: பற்றரி பிளஸ் குமிழில் ஒரு முனை, ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டில் மற்ற முனை, செல்ஃப் அடிக்கும்போது 0.5க்கு மேல் போகக் கூடாது. முனையைக் கிளாம்பில் வைக்காமல் நேரே ஈயக் குமிழில் வையுங்கள். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில்தான் பல தடவை குறையே இருக்கும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, மைனஸைக் கடைசியாகப் பூட்டி, மேலே வாஸ்லின் பூசுங்கள். வெள்ளவத்தையில் மழைக்காலம் முடிந்ததும் நான் இதைச் செய்துவிடுவேன்.

இன்னொரு தடவை வந்தது அந்த ஒற்றை ‘டக்’. எர்த்தும் சரி, பிளஸ்ஸும் சரி. ஸ்டார்ட்டரில் இரண்டு தடித்த போல்ட்கள் இருக்கும்: ஒன்றுக்குப் பற்றரியிலிருந்து வரும், மற்றதிலிருந்து மோட்டருக்குள்ளே போகும். ‘டக்’ கேட்கும் நேரத்தில் முதலாவதில் 12.3, இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. ஸ்டார்ட்டரின் காந்தச் சுவிட்சான சொலினாய்ட் இழுக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் தொடுவதில்லை. கழற்றிப் பார்த்தால் இரண்டு செம்புத் துண்டுகளில் ஒன்று பிறை வடிவில் தேய்ந்து கருகியிருந்தது. காண்டாக்ட் செட் மட்டும் வாங்கிப் போட்டார் வயரிங் பாஸ் (வண்டி வயரிங் வேலைக்காரர்). முழு மோட்டரின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கார்பன் பிரஷ்ஷையும் அப்போதே பார்த்துவிடச் சொன்னேன், திறந்த வீட்டை இரண்டு தடவை திறக்க வேண்டாமே.

எஞ்சின் நன்றாகச் சுற்றிப் பற்றாமல் இருக்கும் கேஸில் மீற்றருக்கு வேலை குறைவு, கண்ணுக்குத்தான் வேலை அதிகம். சைலன்சரைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. பழைய பம்ப்பில் டீசலை நிறுத்தும் சொலினாய்ட் ஒன்று உண்டு. சாவியை ஓன் செய்ததும் அதன் வயரில் 12 வோல்ட் வர வேண்டும், மெல்லிய ‘டிக்’ சத்தமும் கேட்க வேண்டும். இவ்வளவுக்குத்தான் மீற்றர். என் வண்டியில் ஒரு தடவை இது எல்லாம் சரியாக இருந்தது. இரவு நின்றால் காலையில் நெடுநேரம் சுற்ற வேண்டும். ஒருமுறை எழும்பிவிட்டால் பகல் முழுக்கப் பிரச்சினையே இல்லை. டீசல் ஃபில்டரின் மேலிருக்கும் கைப் பம்ப்பைக் காலையில் அமுக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. பல தடவை அமுக்கிய பிறகுதான் இறுகியது. இரவில் எங்கிருந்தோ காற்று ஏறி டீசல் டாங்குக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. மிஞ்சிய டீசல் டாங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில், கிளிப்புக்குக் கீழே, மயிரிழை வெடிப்பு. அந்தச் சின்னக் குழாயை மாற்றியதோடு வருத்தம் போய்விட்டது. ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீர் இறக்குவதையும் விடாதீர்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எத்தனையோ பேர் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றித்தான் ஓடினோம். அப்போது என் ஃபில்டரிலிருந்து தண்ணீர் தனியாகப் பிரிந்து வந்ததைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தேன்.

ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினின் உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை கொழும்பில் அவசரப்பட்டுக் குற்றம் சொல்ல வேண்டாம். இந்த வெக்கையில் ஒன்று இரண்டு போனாலும் பல எஞ்சின்கள் முரண்டு பிடித்தாவது எழும்பிவிடும். நுவரெலியாவில் விடியற்காலை என்றால் அது வேறு கதை. ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்கு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது. சூடான பிளக்கில் அது வேளைக்கே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடலாம். ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி கம்ப்யூட்டர் மூலம் தெளிக்கும் கொமன் ரெயில் டீசல் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம் ஓரளவுக்குத்தான் உதவும். அதில் ரெயிலில் போதிய அழுத்தம் ஏறாவிட்டால் இன்ஜெக்டர் திறக்காது, அதைப் பார்க்க ஸ்கேனர் வேண்டும். சாவியின் சிப்பை வண்டி அடையாளம் காணாவிட்டாலும் எழும்பாது. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட லைட் மின்னிக்கொண்டே இருந்தால் முதலில் மற்றச் சாவியால் முயன்று பாருங்கள்.

நின்ற இடத்திலேயே பற்றரி இறங்குவதையும் இந்த மீற்றர்தான் பிடித்தது. 2021இல் பயணக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வண்டி சும்மா நின்றது. சில நாளில் பற்றரி காலி. மைனஸ் கேபிளைக் கழற்றி, மீற்றரை 10 ஆம்பியர் ரேஞ்சில் நடுவில் போட்டு, கதவுகளைப் பூட்டிக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. 300 காட்டியது. அது ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல். 70 ஆம்பியர்-மணி பற்றரி ஐந்து நாளில் பாதியாகிவிடும். பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனேன். ரேடியோ பியூஸில் சட்டென்று விழுந்தது. முன்பு யாரோ பூட்டிய ஆம்ப்ளிஃபையர், சாவியை எடுத்த பிறகும் ஓனிலேயே இருந்திருக்கிறது. இந்தச் சோதனையில் மீற்றர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீற்றரின் பியூஸ் போய்விடும்.

மீற்றரைப் பற்றிய குறைகளையும் சொல்ல வேண்டும். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு பியூஸே கிடையாது. அந்தத் துளைக்குப் பக்கத்தில் ‘அன்ஃபியூஸ்ட்’ என்று எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். உள்ளிருக்கும் 9 வோல்ட் பற்றரி இறங்கினால் மலிவு மீற்றர் உள்ளதைவிடக் கூடக் காட்டும். செத்த பற்றரியையும் நல்லது என்று சொல்லிவிடும். திரையில் பற்றரிப் படம் வந்ததுமே மாற்றிவிடுகிறேன். கூடவே வரும் வயர்கள் சீக்கிரம் முறிந்துவிடுகின்றன. நான் தடித்த சிலிக்கன் வயரும் முதலை கிளிப்பும் தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டேன், தனியாளாகச் சோதிக்க இது பெரிய உதவி. ‘மின்/மெக்ஸ்’ பட்டன் உள்ளதென்றால் இன்னும் நல்லது, செல்ஃப் அடிக்கும்போது விழுந்த மிகக் குறைந்த வோல்ட்டேஜை அதுவே பிடித்து வைக்கும். இன்று புதிதாக வாங்குவதென்றால், பற்றரிக் கரண்டான டிசியை அளக்கும் கிளாம்ப் மீற்றரைத்தான் எடுப்பேன். கேபிளைச் சுற்றி மாட்டினால் ஸ்டார்ட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கழற்றாமலே தெரியும். ஆனால் கடையில் மலிவாகத் தொங்கும் கிளாம்ப்கள் பெரும்பாலும் வீட்டுக் கரண்டுக்கான ஏசி ஆம்பியரை மட்டும்தான் அளக்கும். ‘டிசிஏ’ என்று டயலிலேயே எழுதியிருக்கிறதா என்று பார்த்து, வெளியே நிற்கும் வண்டியின் கேபிளில் மாட்டி ஒரு தடவை செல்ஃப் அடித்துச் சோதித்த பிறகே காசைக் கொடுங்கள்.